மூட்டைக்கு அடியில் கிடைத்த முடிவு

கோபி மளிகைக்காரர்:
மார்கழி வந்தால் தேங்காய் எண்ணெய் உறைந்து, டின்னைச் சுரண்டியே பாதிக் காலை போய்விடும். சொல்ல வந்தது அதுவல்ல. பொட்டலம் மடிக்கப் பழைய வார இதழ்களை எடைக்கு வாங்கிய காலம். இரவு ஏழு மணிக்கு ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் மப்ளர் சுற்றிக்கொண்டு வருவார். அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து அதிலுள்ள தொடர்கதையைப் படித்துக்காட்டுவார். ஒரு நாள் கடைசி அத்தியாயம். கிணற்றில் ஒரு பெண் விழுகிறாள். பக்கத்தைத் திருப்பினால் அடுத்த தாள் இல்லை. காலையில் அதில் சீரகம் மடித்துக் கொடுத்தவன் நான்தான்.

"ஏனுங்க தம்பி, பார்த்தீர்களா?"

"இல்லைங்க சார்" என்று தராசைத் துடைக்கக் குனிந்துகொண்டேன். அவர் வெறும் கையைத் தாள் மாதிரி விரித்துப் பிடித்து, முடிவைத் தானே 'படித்தார்'. அவளைக் கயிறு கட்டித் தூக்கிவிட்டார்கள். எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். பொங்கல் கழிந்து மூட்டைகளை நகர்த்தியபோது அதே இதழின் இன்னொரு பிரதி கிடைத்தது. அவள் பிழைக்கவில்லை. வாத்தியாரிடம் நான் அதைக் காட்டவில்லை.

பெருந்துறைக்காரர்:
அச்சுத்தாளில் மடித்ததை ஒரு பெருமையாகச் சொல்ல வேண்டுமா? மை உணவில் ஒட்டும், வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016லேயே அறிவுறுத்தியது. எண்ணெய் விஷயமும் அப்படித்தான். 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையத்தான் செய்யும், அது கலப்படமில்லை. டின்னை அடுப்பில் வைக்காதீர்கள். வெந்நீர் வாளியில் கால் மணி நேரம் நிறுத்துங்கள், அல்லது வாயகன்ற பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை மூட்டையையும் தரையில் போடாதீர்கள், ஈரம் இழுக்கும். கீழே பலகை வையுங்கள். என் கடைக்கும் மாலையில் ஒருவர் வருவார். அரசியல் மட்டும்தான் பேசுவார்.

காங்கேயத்திலிருந்து ஒரு மகள்:
எண்ணெய்ப் பாடம் இங்கே யார் கேட்டார்கள்? அந்த வெறுங்கையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. என் அப்பாவும் கடைக்காரர். போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ வைத்துக் கடை வாசலில் காப்புக் கட்டுவார். வருடத்தில் முழுதாக மூடுவது மாட்டுப் பொங்கலன்று மட்டும். அன்றைக்கு அவர் படிப்பது கதைப் புத்தகமில்லை, கடன் நோட்டு. ஷட்டரைப் பாதி இறக்கி, உள்ளே விழும் வெளிச்சத்தில் முதல் பக்கத்திலிருந்து வரி வரியாகப் படிப்பார். சில பெயர்களுக்குச் சிரிப்பார். ஒரு பக்கம் வந்ததும் விரலில் எச்சில் தொட்டு, பார்க்காமலே திருப்பிவிடுவார். ஒவ்வொரு வருடமும் அதே பக்கம். யாருடையது என்று நான் கேட்டதில்லை. நோட்டு இப்போது என் பீரோவில் இருக்கிறது.

கோபி மளிகைக்காரர்:
பெருந்துறை அண்ணா, இது 2016க்கு ரொம்ப முந்திய கதை. சீரகம் வாங்கியவர்களும் நலமாக இருக்கிறார்கள். வாத்தியார் போன வாரம் பேரனுக்கு அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கிணற்றிலிருந்து ஏறிய பெண்ணுக்கு இப்போது இரண்டு பிள்ளைகளாம்.