கரிசல் மண்ணில் பழைய ராஃப்ட் அடித்தளத்தை நீட்டிக்கலாமா?

கேள்வி
வணக்கம். கோவில்பட்டிக்கு அருகே எங்கள் வீட்டின் பின்புறம் இருந்த தானிய அறையை இடித்துவிட்டு, அதே இடத்தில் சற்றுப் பெரிய அறையாகக் கட்ட விரும்புகிறோம். பழைய அறை 150 மி.மீ. கனமுள்ள ராஃப்ட்டின் (அறையின் முழுப் பரப்புக்கும் அடியில் ஒரே பலகையாக ஊற்றிய கான்கிரீட் அடித்தளம்) மேல் நின்றது. அதில் விரிசல் ஏதும் இல்லை. ஒரு பக்கத்தில் மட்டும் 2 மீட்டர் அகலத்துக்குப் புதிய ராஃப்ட் சேர்க்க வேண்டும். பழைய கான்கிரீட்டின் ஓரத்தில் துளையிட்டு, எபாக்சி என்னும் பசையை நிரப்பிக் கம்பி செருகினால் போதும் என்கிறார் கொத்தனார். தரையோ கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல். இது சரிவருமா?

பதில் 1
பழையது விரிசலின்றி நின்றதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். கரிசலில் உள்ள மான்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் நீரை உறிஞ்சினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். பல ஆண்டுகள் மூடிக் கிடந்த ராஃப்ட்டின் நடுப்பகுதிக்கு அடியில் ஈரம் ஏறக்குறைய நிலைபெற்றிருக்கும். நீங்கள் சேர்க்கும் 2 மீட்டரோ, கோடையில் இறங்கி வடகிழக்குப் பருவமழையில் ஏறும் புதிய மண்ணின் மேல் அமைகிறது. அந்த வேறுபாடு முழுவதும் இணைப்பில்தான் வந்து விழும். பழைய ராஃப்ட்டில் ஒரே அடுக்குக் கம்பிதான் இருக்கிறது என்றால், எபாக்சி எவ்வளவு உறுதியாகப் பிடித்தாலும் அந்த இடம் கீல் போல மடங்கும். ஓரத்தில் ஓரிடத்தை உடைத்து, உள்ளே இருப்பதைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

கேட்டவர்
மிக்க நன்றி. உடைத்துப் பார்த்தோம். அடியில் மட்டும் ஓர் அடுக்குக் கம்பி இருக்கிறது. ஓரத்தில் பீம் இல்லை. சற்றுத் தள்ளி ஒரு பெரிய வேப்பமரமும் நிற்கிறது.

பதில் 2
அப்படியானால் இணைக்காதீர்கள். புதிய ராஃப்ட்டைத் தனியாக ஊற்றி, நடுவில் இடைவெளி விட்டு, அதே கோட்டில் சுவரையும் கூரையையும் பிரித்துவிடுவது ஒரு வழி. அடித்தளத்தை மட்டும் பிரித்துவிட்டுச் சுவரைத் தொடர்ச்சியாக எழுப்பினால் பயனில்லை. ஆனால் உங்கள் அறை சிறியது. நானாக இருந்தால் பழையதை முழுவதும் எடுத்துவிட்டு, மேலும் கீழும் இரண்டு அடுக்குக் கம்பியும் சுற்றிலும் ஓர பீமும் கொண்ட ஒரே ராஃப்ட்டாக ஊற்றுவேன். செலவு கூடினாலும் மனநிம்மதி கிடைக்கும். கனத்தையும் கம்பி அளவையும் பொறியாளர் கணக்கிட்டுத் தரட்டும்.

பதில் 3
அதற்கு முன் மண்ணின் வீக்கக் குறியீட்டைச் சோதியுங்கள். சலித்த மண்ணில் 10 கிராம் வீதம் எடுத்து, ஒன்றைத் தண்ணீரிலும் மற்றொன்றை மண்ணெண்ணெயிலும் 24 மணி நேரம் ஊறவிட்டுக் கன அளவை ஒப்பிடும் எளிய சோதனைதான் அது. வீக்கம் மிகுதியாக இருந்தால், ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசலுக்கெனவே வளர்த்தெடுத்த அண்டர் ரீம்டு பைல் (அடியில் குமிழ் போல விரிந்த கான்கிரீட் தூண்களை மண்ணுக்குள் ஆழமாக அமைப்பது) முறையையும் பொறியாளரிடம் கேளுங்கள். ராஃப்ட்டுக்கு அடியில் வெறும் ஆற்று மணலைக் கொட்டாதீர்கள். அது நீரைத் தேக்கி, கீழுள்ள கரிசலுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். வீங்காத கிராவலை அடுக்கடுக்காக இட்டு இறுக்குங்கள். சுற்றிலும் ஒன்றரை மீட்டர் அகலத்துக்குச் சரிவான கான்கிரீட் தளம் போட்டு, கூரை நீரைக் குழாய் வழியே அதற்கு அப்பால் விடுங்கள். வேம்பை இப்போது அவசரப்பட்டு வெட்டவும் வேண்டாம்: வேர் உறிஞ்சுவது நின்றதும், வறண்டிருந்த மண் மெல்ல ஈரமேறி உப்பத் தொடங்கும்.