அந்த 75 லட்சம் டாலர்

கடலோடி:
"அலாஸ்காவின் டிலிங்கிட், ஹைடா பூர்வகுடி மக்கள் பறிபோன நிலத்துக்காக அமெரிக்க அரசிடம் 1968லேயே 75 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டார்கள், நிலப் பிரச்சினை அன்றே தீர்ந்தது" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. வழக்குப் போடவே 1935இல் தனிச்சட்டம் வர வேண்டியிருந்தது. அதன்பின் 33 வருஷம் இழுத்தடிப்பு. பறிபோனதோ தென்கிழக்கு அலாஸ்காவின் டோங்கஸ் காடும் கிளேசியர் பே கரையும். ஏக்கருக்கு அரை டாலர்கூடத் தேறாது. இதற்குப் பெயர் தீர்வா?

சட்டப்புள்ளி:
எழுதியவன் நான்தான். பறித்த காலத்து மதிப்பில் நீதிமன்றம் கணக்குப் போட்டது. பணம் வாங்கியாயிற்றா இல்லையா?

கடலோடி:
வட்டி எங்கே? மீன்பிடி உரிமைக்குச் சல்லிக்காசு உண்டா? சால்மனை நம்பி வாழ்ந்தவர்கள் ஐயா அவர்கள்!

பனிமலை:
எல்லாரும் பணத்தையே பேசுகிறீர்கள். அலாஸ்காவின் தலைநகர் ஜூனோவில் கடை வாசலில் "பூர்வகுடிகளுக்கு இடமில்லை" என்று பலகை தொங்கிய காலம். எலிசபெத் பெரட்ரோவிச் என்ற டிலிங்கிட் பெண் அலாஸ்காவின் செனட்டில் பேசினார், 11க்கு 5 என்று மசோதா நிறைவேறியது. 1945 பாகுபாடு தடுப்புச் சட்டம் அவர் ஒருவரால் வந்தது.

பழைய வாசகன்:
ஒருவராலா? 1912இல் சிட்காவில் தொடங்கிய பூர்வகுடிச் சகோதரர் சங்கம் எங்கே போயிற்று? இதே மசோதா 1943இல் தோற்றது தெரியுமா? 1924லேயே சட்டமன்றத்துக்குத் தேர்வான டிலிங்கிட் வக்கீல் வில்லியம் பால் பெயரைப் போன தடவையும் விட்டீர்கள். வேண்டுமென்றேதான்.

பனிமலை:
பெண்ணுக்குப் பேர் கிடைத்தால் உங்களுக்கு ஏன் பொறுக்கவில்லை?

பழைய வாசகன்:
வார்த்தையை அளந்து பேசுங்கள். அந்தச் சங்கத்தின் சகோதரிகள் பிரிவுக்குத் தலைவி என்ற முறையில்தான் அவரே பேசினார்.

சட்டப்புள்ளி:
1971 நில உரிமைத் தீர்வுச் சட்டத்தில் அலாஸ்கா பூர்வகுடிகளுக்கு 4.4 கோடி ஏக்கரும் 96.25 கோடி டாலரும் கிடைத்ததே, அதைச் சொல்லுங்கள்.

கடலோடி:
சொல்கிறேன். அந்த 75 லட்சத்தைக் காட்டித்தான் தென்கிழக்கு ஊர்களுக்கு நிலத்தைக் குறைத்தார்கள், அந்தச் சட்டப்படி பூர்வகுடிகள் ஊர்தோறும் அமைத்த நிறுவனம் ஒன்றுக்கு 23,040 ஏக்கர். ராங்கல், பீட்டர்ஸ்பர்க், கெட்சிகன், ஹெய்ன்ஸ், டெனகீ ஆகிய ஐந்து ஊர்க்காரர்களுக்கு அதுவும் இல்லை. தீர்ந்ததாம்!

சட்டப்புள்ளி:
கேள்வி ஒன்றுதான். 75 லட்சம் வாங்கினார்களா இல்லையா?

கடலோடி:
நானும் ஒன்றுதான் கேட்கிறேன். எதற்கு விலையாக 75 லட்சம்? முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பனிமலை:
பழைய வாசகன் என் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.