இடது பிரேக் லைட் மட்டும் ஏன் அடிக்கடி போகிறது? உங்கள் அனுபவம் என்ன?

செம்மண் ரோடு:

தீபாவளியிலிருந்து கணக்குப் போட்டால் நான்கு பல்ப். நான்குமே இடது பக்கம். காடி (கார்), அப்பா விட்டுப்போன 1996 புரோட்டோன் வீரா. ஒரு தடவைகூட நானாகக் கண்டுபிடித்ததில்லை. மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட் சிக்னலில் பின்னால் மோட்டாரில் வந்து நிற்பவர் கண்ணாடியைத் தட்டி, "தம்பி, லெப்ட் பிரேக் லைட் எரியல" என்பார். அவர் சொல்லித்தான் தெரியும்.

பல்ப் சில வெள்ளிதான் (ரிங்கிட்), அது கிடக்கட்டும். இரவில் தோட்டத்து ரோட்டில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி பின்னால் ஒட்டிக்கொண்டு வரும்போது ஒற்றை விளக்கோடு பிரேக் போடுவதுதான் வயிற்றைக் கலக்கும்.

முதலில் ரோட்டின் மேல் பழி போட்டேன். குழியும் மேடுமாகக் குலுங்கி இழை அறுந்துவிடுகிறது என்று. அடுத்து மச்சான், காடி ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைச் சொன்னான். இரண்டுமே தப்பு. ரோடும் ஆல்டர்னேட்டரும் காடி முழுவதற்கும் பொது. வலது பக்கம் மட்டும் எப்படித் தாங்குகிறது? இந்தக் கேள்வி எனக்குத் தோன்றுவதற்கு நான்கு பல்ப் செலவானது.

தோட்டத்துப் பழைய லயத்து வீடுகள் பக்கம் பட்டறை வைத்திருக்கும் போமன் மாமா காடியைத் தொடவே இல்லை. "செத்த பல்ப் எங்கப்பா?" என்றார். குப்பையில் போட்டுவிட்டேன் என்றேன். "டாக்டர்கிட்ட வந்து காய்ச்சல வீட்டுல விட்டுட்டு வந்தேன்ங்கிற மாதிரி இருக்கு." நல்லவேளை, கடைசியாகச் செத்தது டேஷ்போர்டு டப்பாவில் கிடந்தது.

வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கண்ணாடியின் உட்புறம் விபூதி பூசியது போல வெள்ளையாக இருந்தது. உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தமாம். சூடான டங்ஸ்டன் இழை காற்று பட்டால் எரிந்து இப்படிப் பொடியாகப் படியும். கண்ணாடி கருத்து மினுங்கினால் பல்புக்கு வயசாகிவிட்டது, இல்லை வோல்டேஜ் அதிகம். சுத்தமாக இருந்து இழை மட்டும் அறுந்து தொங்கினால் பெரும்பாலும் குலுக்கல்.

சரி, காற்று எப்படிப் புகுந்தது? விளக்கைக் கழற்றியதும் கால் டம்ளர் தண்ணீர் கொட்டியது. போன வருஷம் பசாரில் யாரோ பின்னால் லேசாக இடித்துவிட்டுப் போனார்கள். வெளியே கீறல்தான், ஆனால் உள்ளே ரப்பர் விலகியிருந்தது. இங்கே சாயங்கால மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பிரேக் மிதித்ததும் 21 வாட் இழை எரிந்து கண்ணாடி கொதிக்கிறது. அதன் மேல் ஒரு சொட்டு விழுந்தால் மயிரிழை விரிசல் விடும், காற்று புக அது போதும்.

ஹோல்டரில் பச்சைக் களிம்பு வேறு. மணல்தாளால் தேய்த்தோம், எர்த் வயரின் முனையையும் சுரண்டினோம். பழைய காடி உடைக்கும் கடையிலிருந்து ரப்பர் வாங்கி மாட்டி, பைப்பில் தண்ணீர் அடித்துப் பார்த்தோம். அப்புறம் என் திருப்திக்காக ஆல்டர்னேட்டரையும் மீட்டரில் பார்த்தார்: 14.2 வோல்ட், சரியாகத்தான் இருந்தது. மச்சானுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். ஏழு மாதமாக அதே பல்ப் எரிகிறது.

முறுக்குப் பொடி:

எனக்கு இரண்டு பக்கமும், நடு விளக்கும் சேர்ந்தே போயின. மாதக்கணக்கில் மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் காலையில் பேட்டரியும் செத்திருந்தது. ராத்திரி முழுக்கப் பிரேக் லைட் எரிந்ததாகப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்.

பெடலுக்கு மேலே ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. காலை எடுத்ததும் பெடல் மேலே வந்து அதன் ஊசியை அழுத்தும், விளக்கு அணையும். அழுத்தும் இடத்தில் சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக். என் காடியில் அது மக்கி உதிர்ந்து, ஊசி ஓட்டை வழியே வெளியே வந்துவிட்டது. அதாவது நான் மிதிக்காமலே பிரேக் லைட் எரிந்திருக்கிறது. கால்மிதியில் அந்தத் துணுக்குகள் முன்பே கிடந்தன. மகன் தின்ற முறுக்கு என்று நினைத்து நானே கூட்டித் தள்ளினேன்.

பேட்டரி தண்ணி:

எங்கள் வேனில் பிரேக் லைட்டோடு ஹெட்லைட்டும் மாறி மாறிப் போகும், பேட்டரித் தண்ணியும் சீக்கிரம் வற்றும். மீட்டர் வைத்தால் 15.3 வோல்ட். வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருந்தது. 14 வோல்ட்டில் எரிய வேண்டிய பல்ப் 15-ல் எரிந்தால் அதன் ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடும். ஒரு வோல்ட்தானே என்று நானும்தான் நினைத்தேன்.

எல்இடி போட்டால் தொல்லையே இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். தண்ணீர் புகும் விளக்கில் எல்இடி போட்டாலும் தண்ணீர் புகத்தான் செய்யும்.

அவசரக்காரன்:

என் கதை வெட்கக்கேடு. ரெண்டு இழை பல்பில் பக்கவாட்டு ஊசிகள் ஒரே உயரத்தில் இருக்காது, ஒரே ஒரு விதமாகத்தான் உட்காரும். மழையில் நின்றுகொண்டு அதைத் திருப்பி, பலம் கொடுத்து மாட்டினேன். 5 வாட் இழை பிரேக்குக்கும், 21 வாட் இழை ராத்திரி விளக்குக்கும் போய்விட்டது. ஈப்போ போய்த் திரும்பும்வரை பின்னால் ஒரு பக்கம் அடுப்பு மாதிரி எரிந்திருக்கிறது. பிரேக் போட்டால் எந்த மாற்றமும் தெரியாது. ஹோல்டரும் உருகிவிட்டது.

செம்மண் ரோடு:

அவசரக்காரரே, போமன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். பலம் கொடுத்த கையைப் பார்க்க வேண்டுமாம்.

தனியாகப் பார்க்க ஆள் இல்லாதவர்களுக்கு: இருட்டியதும் வீட்டுச் சுவருக்கு முதுகு காட்டி நிறுத்திப் பிரேக் மிதித்தால், பின்னால் பார்க்கும் கண்ணாடியில் இரண்டு சிவப்பும் தெரியும். நான் இப்போது வாரம் ஒரு முறை பார்க்கிறேன். நேற்று சிக்னலில் அதே மோட்டார்காரர் மறுபடியும் தட்டினார். பெருமையோடு கண்ணாடியை இறக்கினேன்.

"தம்பி, நம்பர் பிளேட் லைட் எரியல."