இணைய விளம்பரத்தில் பழைய சோபா: முன்பணம் அனுப்பலாமா?

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் வாடகை வீட்டுக்குக் குடிவந்துள்ளோம். இணைய விளம்பரத்தில் கண்ட தேக்குச் சோபா ஒன்றுக்கு 9,000 ரூபாய் விலை சொல்லும் உரிமையாளர், 2,000 முன்பணம் கேட்கிறார். அனுப்பலாமா?

பதில் 1: நேரில் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள், ஐயா. அப்படி அனுப்பிய 1,500 ரூபாய் எனக்குத் திரும்பவேயில்லை.

பதில் 2: சோபாவைக் கவிழ்த்து, அடியில் அடித்திருக்கும் கறுப்புத் துணியின் ஓரத்தை, உரிமையாளரின் அனுமதியோடு சற்றே விலக்கி, ஸ்பிரிங் துருப்பிடித்துள்ளதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், கடற்காற்று வீசும் புதுச்சேரியில் தேக்கு தாங்கும், இரும்பு தாங்காது. தையல் மடிப்புகளில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தெரிந்தால் அது மூட்டைப்பூச்சியின் வேலை. இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது சோபா இருந்த வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததா என்றும் விசாரியுங்கள்.

பதில் 3: குட்டியானை (சிறு சரக்கு வண்டி) வாடகையையும் உங்கள் மாடிப்படியின் அகலத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு விலை பேசுங்கள்.