ஜாவாஸ்கிரிப்டில் உள்ளடுக்கு ஆப்ஜெக்டில் எழுதும்போது அன்டிஃபைன்ட் (மதிப்பே தரப்படாதது), நல் (காலி என்றே குறித்தது) இரண்டையும் எப்படிச் சமாளிப்பது?

ஏபிஐ தரும் ஆர்டருக்குள் கஸ்டமர், அதற்குள் அட்ரஸ், அதற்குள் பின்கோடு. அட்ரஸ் சில ஆர்டரில் இருக்காது. சிலவற்றில் நல் என்றே வருகிறது. டீஸ்ட்ரக்சரிங்கில் (ஆப்ஜெக்டைப் பிரித்து மாறிகளில் எடுப்பது) டிஃபால்ட்டாக = {} கொடுத்தால் அன்டிஃபைன்டுக்கு மட்டும் எடுபடும், நல் வந்தால் டைப்எரர். படிப்பதற்கு ?. (நடுவில் ஒன்று இல்லாவிட்டால் எரர் இல்லாமல் அங்கேயே நிற்கும்) போட்டு, கடைசியில் டிஃபால்ட்டுக்கு ?? வைத்தாயிற்று. (|| வேண்டாம், டெலிவரி கட்டணம் 0 இருந்தாலும் டிஃபால்ட்டுக்குத் தாவிவிடும்.)

சிக்கல் எழுதும் இடத்தில்தான். சமக்குறிக்கு இடப்பக்கம் ?. வந்தாலே சின்டாக்ஸ் எரர். இப்போதைக்கு ஒவ்வொரு அடுக்கிலும் ??= {} (இல்லாவிட்டால் காலி ஆப்ஜெக்ட் வை) போட்டு இறங்குகிறேன்; 4 அடுக்கு தாண்டினால் பார்க்கவே கண்றாவி. பாதை கொடுத்தால் உள்ளே போய் எழுதும் லோடாஷின் செட் ஒன்றுக்காக லைப்ரரி சேர்க்க மனமில்லை. சொந்தமாக ஃபங்ஷன் எழுதினால் எல்லா ஆப்ஜெக்டுக்கும் பொதுவான மூலத்தையே மாற்றிவிடக்கூடிய __ப்ரோட்டோ__ கீயையும் தடுக்க வேண்டும்.

நோட்.ஜேஎஸ் 18, டைப்ஸ்கிரிப்ட் இல்லை. ஏபிஐ பதில் வந்தவுடனே ஒரே இடத்தில் நல்களை நிரப்பிவிடலாமா, இல்லை எழுதும்போது பார்ப்பதே மேலா?