நாங்க எடுக்குற வீடியோவ டிவியில போட கோலாலம்பூர்ல ஏதாச்சும் சேனல் இருக்கா?

செந்தூல்_நாலாம்மாடி:
வணக்கம் எல்லாருக்கும். செந்தூல்ல ஒரு பிளாட்ல இருக்கோம், நாலு பசங்க சேர்ந்து ஒன்றரை வருசமா போன்லயே வீடியோ எடுக்குறோம். லிப்ட் கெட்டுப்போய் மூணு வாரம் வயசானவங்க படியேறுனது, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, கீழ ஸ்டால் போட்டு தோசை சுடுற அக்கா கதை, இப்படி. யூடியூப்ல போடுறோம் ஆனா யாருக்காக எடுக்குறோமோ அவங்க பாக்கறதில்ல. எதிர்வீட்டுப் பாட்டிக்கு போன்ல எழுத்து தெரியாது, பிளாஸ்டிக் உறை போட்ட ரிமோட்ட மடியில வச்சிக்கிட்டு அரசாங்க டிவி ஆர்டிஎம்மோட தமிழ் செய்திக்கு உக்காந்திருப்பாங்க. லிப்ட் வீடியோல அவங்கதான் பேசுறாங்க, அவங்களே இன்னும் பாக்கல! அமெரிக்காவுல பொதுமக்களே நிகழ்ச்சி பண்ணி போடுற சேனல் இருக்காமே, இங்க உண்டா? லைசென்ஸ் வேணுமா?

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
இங்க அந்த மாதிரி இல்ல தம்பி. அங்க எப்படி வந்துச்சுன்னா, கேபிள் கம்பெனி கம்பி இழுக்கணும்னா ஊர் ரோட்டத்தான் தோண்டணும், அதுக்கு ஊர் நிர்வாகத்துக்கிட்ட அனுமதி வாங்கணும், அப்ப அவங்க எங்க ஜனங்களுக்கு ஒரு சேனல் ஒதுக்குன்னு கேட்டாங்க. நியூயார்க் மன்ஹாட்டன்ல 1971லயே ஆரம்பிச்சாச்சு. 1984 கேபிள் சட்டத்துல ஊர் நிர்வாகம் கம்பெனி வருமானத்துல 5 விழுக்காடு வரைக்கும் கட்டணம் வாங்கலாம், அந்த சேனல்ல என்ன வருதுன்னு கம்பெனி கை வைக்கக்கூடாதுன்னே எழுதிட்டாங்க. நமக்கு 1996ல கட்டண டிவி ஆஸ்ட்ரோ வந்தப்ப அது சாட்டிலைட், எந்த ரோட்டயும் தோண்டல. ஒளிபரப்பும் கூட்டரசு அதிகாரம், மாநகர் மன்றம் நினைச்சாலும் கேக்க முடியாது.
ஆனா எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. 2019 அக்டோபர் 31ல பழைய அனலாக் ஒளிபரப்ப நிறுத்தி மைடிவி டிஜிட்டலுக்கு மாறுனோமே, ஒரே அலைவரிசைல பல சேனல் அடங்குற தொழில்நுட்பம் அது. அதுல ஒண்ணு ஜனங்களுக்குன்னு அப்பவே கேட்டிருக்கணும். அலைவரிசை பொதுச்சொத்து, இப்பவும் கேக்கலாம்.

கிள்ளான்_ரவுண்டானா:
லைசென்ஸ் பத்தி: டிவி சேனலாவே நடத்தணும்னா 1998 தொடர்பு பல்லூடகச் சட்டத்துல லைசென்ஸ் எடுக்கணும், நாலு பசங்களுக்கு ஆகற காரியமில்ல. யூடியூப்புக்கு பயப்படாதீங்க. 2020 ஜூலைல வீடியோ எடுத்தாலே பினாஸ் (தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகம்) லைசென்ஸ் வேணும்னு பேச்சு வந்து எல்லாரும் கொதிச்சாங்க, அப்புறம் சோசியல் மீடியால போடுறவங்களுக்கு அது இல்லன்னு அரசாங்கமே சொல்லிடுச்சு.

பினாங்கு_அக்கா:
தம்பி, சேனல் மட்டும் கிடைச்சா போதாதுப்பா. அங்க அந்த சேனலோட சென்டரும் இருக்கும், கேமரா கத்துக்குடுப்பாங்க, இரவல் தருவாங்க, எடிட் பண்ண இடம் தருவாங்க. நமக்கு அதுதான் குறை. உங்க பக்கம் நாடி மையம் (அரசாங்கத்தோட சமூக இணைய மையம்) இருந்தா போய் கேளுங்க, கம்ப்யூட்டர் இருக்கும், வகுப்பும் நடத்துறாங்க. நாங்க இங்க ஆயர் ஈத்தாம் பிளாட்ல கீழ ஹால்ல திரை கட்டி போட்டோம், முதல் தடவை பேன் சத்தத்துல ஒரு வார்த்தை கேக்கல, பாதிப்பேர் எழுந்து போயிட்டாங்க. அதுலருந்து போன் மைக்க நம்பாம காலர்ல குத்துற மைக்லதான் பேச வைக்கிறோம், வசனத்தையும் பெரிய எழுத்துல கீழ போடுறோம். பாட்டிக்கு இப்போதைக்கு பென்டிரைவ்ல ஏத்தி டிவி பின்னாடி குத்திப் பாருங்களேன்.

செந்தூல்_நாலாம்மாடி:
அக்கா நேத்து ராத்திரியே குத்திப் பாத்தோம், ஓடிச்சு! மொதல்ல பாட்டி ஒண்ணும் பேசல, அப்புறம் கதவத் திறந்து வரிசை வீட்டுக்காரங்கள கூப்பிட்டாங்க, கிரில்லுக்கு வெளிய ஆறு பேர் நின்னு பாத்தாங்க. முடிஞ்சதும் "லிப்ட் சரி பண்ண வந்த பையனயும் பேச விட்டிருக்கலாமே, அவனுக்கு எப்ப தகவல் வந்துச்சுன்னு தெரிஞ்சிருக்கும்"னாங்க. எங்களுக்கு அது தோணவேயில்ல. அவர தேடிட்டு இருக்கோம். அடுத்த ஞாயிறு கீழ ஹால் கேட்டிருக்கோம், செந்தூல் பக்கம் யார்கிட்டயாச்சும் புரொஜெக்டர் இருந்தா சொல்லுங்க.