அப்பாவுக்கு ரத்தத்தில் பைகார்பனேட் குறைவு: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கமுங்க. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறோம். சர்க்கரையால் அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. ரத்தத்தில் அமிலத்தை முறிக்கும் பொருளான பைகார்பனேட் 22-க்குக் குறையக் கூடாதாம், அவருக்கு 17. ரத்தத்தின் பிஹெச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, 7.35-லிருந்து 7.45-க்குள் நிற்க வேண்டும். நுரையீரல் கரியமில வாயுவை வெளியேற்றிச் சில நிமிடங்களில் ஈடுகட்டப் பார்க்கும், ஆனால் சாப்பாட்டிலிருந்து தினமும் சேரும் அமிலத்தைச் சிறுநீரகம்தான் கழிக்க வேண்டும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். சோடியம் பைகார்பனேட் மாத்திரை கொடுத்திருக்கிறார். பொட்டாசியம் அதிகம் என்பதால் இளநீரும் கூடாது. அப்பாவுக்கு அதுதான் பெரிய வருத்தம்.

இப்போது தெரிந்தவர் ஒருவர், குடிதண்ணீரை அமிலத்துக்கு எதிரான காரத் தன்மையுள்ளதாக மாற்றும் காரநீர் இயந்திரம் வாங்கினால் ரத்தமே சரியாகிவிடும் என்கிறார். வயிற்று அமிலத்தில் விழுந்ததும் அந்தக் காரம் போய்விடுமே? எனக்கு நம்பிக்கை இல்லை, அப்பா ஆசைப்படுகிறார்.

இந்த மாத்திரை எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள். கால் வீக்கமோ ரத்த அழுத்தமோ கூடியதா? அப்புறம், கொள்ளுப் பருப்பு எவ்வளவு கொடுக்கிறீர்கள்?